பவுன்தாய் கைச்சூடு

எங்க ஊரு பிரசிடெண்டு பவுன்தாய்க்கு உள்ளங்கை கொதிக்க ஆரம்பிச்சது ஒரு ஐப்பசி மாசம், பதவி ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுற நேரத்துல. ஆபீசரு நீட்டுன பேனா அவ விரலுக்குள்ள வதங்குன கீரைத்தண்டாட்டம் வளைஞ்சு தொங்குச்சு, ஆபீசரு ‘இப்ப வர்ற பேனா எதுவும் சரியில்ல’ன்னு சொல்லிட்டு இன்னொண்ணு குடுத்தாரு, அதுவும் தொங்குச்சு, கடைசியில ஒரு இரும்புப் பேனாவத் தேடிப் பிடிச்சுக் குடுத்தப்புறம்தான் கையெழுத்து முடிஞ்சுச்சு. நாங்க யாரும் இதைப் பெருசா நினைக்கல. மழை விடாமப் பேஞ்சு ஊரே கைகால் வெறச்சுக் கெடந்த நேரம், ஒருத்திக்காச்சும் கை சூடா இருக்கேன்னு சந்தோஷந்தான் பட்டோம்.

நான் யாருன்னு கேப்பீக. பேரு ராக்கம்மா, பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குறவ. பவுன்தாய் புருஷன் தவசி எனக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை. அதனால அவ எனக்குத் தம்பி பொண்டாட்டி, நான் அவளுக்கு மதினி. இந்தக் கதையில நான் செஞ்ச கோளாறும் இருக்கு. அதை மறைக்க மாட்டேன், ஆனா என்கூடச் சேந்து செஞ்சவுகளையும் லேசுல விட மாட்டேன்.

எங்க ஊரு கூதப்பாறை, மலைக்கு மேல, நாப்பத்தொரு தலைக்கட்டு. காப்பியும் மிளகும் விளையும், வருஷத்துல ஏழு மாசம் மழையும் மஞ்சும் மாறி மாறி வந்து குந்திக்கிரும், போட்ட துணி காயாது, வெட்டுன விறகு எரியாது, பறிச்ச காப்பிப் பழம் களத்துலயே பூத்துப் போகும். ரோடு கெடையாது. ஒன்பது கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை. யாருக்காச்சும் முடியலைன்னா கம்பளியை மூங்கில்ல தொட்டிலாக் கட்டி ஆறு ஆம்பளைக தோள் மாத்தித் தோள் மாத்தித் தூக்கிட்டு இறங்கணும், அதுக்கு டோலின்னு பேரு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பவுன்தாயோட தங்கச்சி முத்துக்கிளியத் தலைப்பிரசவத்துக்கு அப்படித்தான் தூக்கிட்டுப் போனாக. புள்ள ஆசுபத்திரி வாசலைப் பாக்காம பாதி வழியிலயே போயிட்டா. கூடப் போன பொம்பள பவுன்தாய் ஒருத்திதான். திரும்பி வந்தவ அதைப் பத்தி யார்கிட்டயும் வாயத் திறக்கல.

வாயத் திறக்க மாட்டான்னுதான் மலைச்சாமி அவளைப் பிரசிடெண்டுக்கு நிறுத்துனாரு. பதினஞ்சு வருஷம் பிரசிடெண்டா இருந்த மனுஷன், அந்தப் பதினஞ்சு வருஷத்துல ஊருக்குன்னு அவர் செஞ்சது தன் பேரு போட்ட கல்லு ஒண்ணு நட்டதும், மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டதுந்தான். இந்தத் தடவை பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாக. சரி, ஊமை மாதிரி ஒருத்திய உக்கார வச்சுட்டு நம்ம பின்னாடி இருந்து ஓட்டுவோம்னு கணக்குப் போட்டாரு. முதல் கூட்டத்துல அவ வாசிக்க வேண்டியதை அவரே எழுதிக் குடுத்தாரு. அந்தத் தாள் அவ கையில பட்டதும் அப்பளம் மாதிரி பொரிஞ்சு உதுந்துச்சு. பவுன்தாய் கையைத் தட்டிவிட்டுட்டு ஊரைப் பாத்து, “நம்ம ஊருக்கு பஸ்ஸு வரணும். இனி ஒருத்தரையும் டோலியில தூக்கக் கூடாது”ன்னா. சொல்லி மேசையில கையை வச்சா பாருங்க, மலைச்சாமி முன்னாடி இருந்த டம்ளர்த் தண்ணி தளதளன்னு கொதிச்சுச்சு. அவரும் என்ன செய்வாரு, தொண்டை கட்டியிருந்துச்சு, ஊதி ஊதிக் குடிச்சிட்டு, “நல்லா இதமா இருக்கு”ன்னாரு.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். மறுநாளே ஒருத்தி ஈரத் துணியோட வந்து, “பவுனு, இந்தப் பாவாடைய ஒரு தடவு தடவிக் குடு ஆத்தா, புள்ள பள்ளிக்கூடம் போகணும்”னு நின்னா. அவளும் மறுக்க மாட்டா, பஸ்ஸைப் பத்திப் பேசிக்கிட்டே தடவுவா, பாவாடை மொறுமொறுன்னு காஞ்சிரும். அப்புறம் காப்பிக்கொட்டை வந்துச்சு, மிளகு வந்துச்சு, பூசாரி கற்பூரத்தைக் கொண்டாந்து நீட்டுனாரு, அடையை விட்டு எந்திரிச்சுப் போன கோழியோட முட்டை பதினொண்ணு அவ மடியில கெடந்து குஞ்சா வெளிய வந்துச்சு. என் கதையக் கேளுங்க. அதுவரைக்கும் ஈர விறகு ஊதி ஊதியே என் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும். அப்பேர்ப்பட்டவ காலையில ஒன்பது மணிக்குப் பவுன்தாயக் கூப்பிட்டு, சோத்துப் பானையில ஒரு கை, சாம்பார்ல ஒரு கைன்னு பிடிக்க வச்சிருவேன், பத்தரைக்கெல்லாம் வெந்திரும். ராணி மாதிரி இருந்தேன்.

சூடு எப்பவும் ஒரே மாதிரி இருக்காது. பஸ்ஸு நெனப்பு வந்தா ஏறும், வேற பேச்சு வந்தா கொஞ்சம் இறங்கும். இதை ஊரு ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிருச்சு. எதாச்சும் காயணும்னா அவ பக்கத்துல உக்காந்து, “ம்ம், இந்த ஊருக்கு எங்க பஸ்ஸு வரப்போகுது”ன்னு ஒரு பெருமூச்சு விட்டாப் போதும். இதுல கெட்டிக்காரர் மலைச்சாமிதான். தினம் காலையில மூட்டையத் தூக்கிட்டு வந்து அவ வாசல்ல நின்னு, “நான் உசிரோட இருக்கற வரைக்கும் இங்க பஸ்ஸு வராது, எழுதி வச்சுக்க!”ன்னு கத்துவாரு. அவளுக்குக் கை ரெண்டும் தகதகன்னு எரியும். “வர வச்சுக் காட்டுறேன் மாமா”ன்னு சொல்லிக்கிட்டே அவர் காப்பிய அள்ளி அள்ளி விடுவா. அந்த வருஷம் மலையிலயே நல்லாக் காஞ்ச காப்பி அவரோடதுதான்.

கீழ ஆபீசுக்கு புதன்கிழமை புதன்கிழமை நடந்தே போவா. போக ஒன்பது, வர ஒன்பது. அவ உக்காரக் கோணிச்சாக்கை நனைச்சுப் போட்டு ஒரு ஸ்டூலே வச்சிருந்தாக. அவ குடுத்த மனு எல்லாத்துலயும் ஓரத்துல அஞ்சு விரலும் பழுப்பாப் பதிஞ்சிருக்கும். கிளார்க்குமாரு சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப மரியாதை. “அடுத்த புதன்கிழமை கட்டாயம் பாக்குறோம்மா, அதுக்குள்ள இந்த டிபன் பாக்ஸை ஒரு தொடு தொட்டுக் குடுத்துருங்க”ன்னு வரிசையா நீட்டுவாக. பிடிவாதக்காரி, எல்லாத்தையும் தொட்டுக் குடுத்துட்டு, அடுத்த புதன்கிழமையும் போயி நிப்பா. பத்தாவது தடவை ஒரு புது ஆபீசரு, வயித்துவலிக்காரரு, மத்தியானம் சாப்பிடாத மனுஷன், மனுவை நிசமாவே படிச்சுட்டாரு. “ஊர்க்காரங்க ரோட்டுக்கு ஆளுக்கு ஆறடி நிலம் விட்டுக் குடுத்தா நாங்க ரோடு போடுறோம், பஸ்ஸும் வரும். ஆனா தை மாசம் முடியறதுக்குள்ள நிலம் கைக்கு வரணும். இல்லைன்னா இந்த ரோடு அடுத்த மலைக்குப் போயிரும்”னாரு.

இங்கதான் எங்க ஊரு வழக்கத்தைச் சொல்லணும். கூதப்பாறையில பத்திரத்துல கைநாட்டு வச்சாலும் அது நிலம் குடுத்ததா ஆகாது. நிலத்துக்காரன் ஊரு பாக்க வந்து, தன் கையால மண்வெட்டியப் போட்டுத் தன் வரப்புல முதல் வெட்டு வெட்டணும். வேற யாரு கையும் அதை வெட்டக் கூடாது. அதுலயும் ஊர்க் காரியம்னா தலைவர் வீட்டு வெட்டுதான் முதல்ல விழணும், அது விழாம அடுத்த வெட்டு விழாது. பவுன்தாய் வீட்டு நிலமோ சரியா பாதை வளைவுல இருக்கு, அதுவும் தவசி பேருல. அவ வெட்டுனா செல்லாது. அவன் வெட்டணும்.

அவன் “நாளைக்கு”ன்னான்.

மறுநாளும் “நாளைக்கு”ன்னான். இடுப்பு பிடிச்சிருக்குன்னான், மண்வெட்டிக்குக் காம்பு போடணும்னான், செவ்வாக்கிழமை ஆகாதுன்னான். அவ வீடு வீடாப் போயி, “ஆறடி குடுங்க, ஆறே அடி”ன்னு கேட்டா எல்லாரும் பல்லைக் காட்டிக்கிட்டு, “எங்களுக்கு என்ன தாயி, தலைவர் வீட்டு வெட்டு விழட்டும், அடுத்த நிமிஷம் நாங்க வெட்டுறோம்”னு சொன்னாக. சொல்லிட்டு அதே கையோட தவசியத் தேடிப் போயி, வெட்டிராதடா சாமின்னு கெஞ்சுனாக. பஸ்ஸு வந்துட்டா இவ எதை நெனச்சுக் கொதிப்பா? துணிய எங்க காயப் போடுறது? ஒருத்தர் வடை வாங்கிக் குடுத்தாரு, ஒருத்தர் பீடிக் கட்டு குடுத்தாரு. நான் தினம் ஒரு அவிச்ச முட்டை குடுத்தேன். பிள்ளைக சத்துணவு முட்டை இல்ல, சாமி சத்தியமா, என் வீட்டுக் கோழி முட்டை.

தை மாசம் பதினஞ்சாந்தேதி இருக்கும். பள்ளிக்கூடத்துச் சமையக்கட்டு வாசல்ல நான், மலைச்சாமி, தவசி மூணு பேரும் உக்காந்திருக்கோம். நான் முட்டை உரிச்சுக் குடுக்கறேன். மலைச்சாமி சொல்றாரு, “தவசி, இந்தத் தை மட்டும் இழுத்துரு மாப்பிள. என் காப்பி இன்னும் முப்பது மூட்டை ஈரமாக் கெடக்கு. பஸ்ஸு வந்துருச்சுன்னா உன் பொண்டாட்டி ஆறிப் போவாடா.”

“எனக்கும் அதான் மாமா பயம்”னான் தவசி. “பொறந்ததுலருந்து இந்த வருஷந்தான் நான் நடுங்காமத் தூங்குறேன். அவ கை மேல பட்டாப் போதும், வெந்நி ஊத்துன மாதிரி இருக்கு.”

“சாப்பிடு தம்பி, நீ நல்லா இருந்தாத்தான் ஊரு நல்லா இருக்கும்”னு சொன்னது நான்தான். வேற யாரும் இல்ல.

உள்ள சாம்பார் கொதிக்கிற சத்தம் அதுவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. டக்குன்னு நின்னுச்சு. அடி ஆத்தி, அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. பவுன்தாயப் பானையில கை வைக்கச் சொல்லி உள்ள விட்டுட்டு வந்ததை நான் சுத்தமா மறந்துட்டேன். அடுப்புக்குக் காது இருக்குன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அவ வெளிய வந்தா. எங்க மூணு பேரையும் ஒரு பார்வை பாத்தா. தவசி கையில பாதி கடிச்ச முட்டை. “முட்டை நல்லா வெந்திருக்கா மாமா?”ன்னு கேட்டா. “நான்தான் வேக வச்சேன்.” அவ்வளவுதான் கேட்டா, சேலைத் தலைப்புல கையத் துடைச்சுக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டா. தவசி வாயில இருந்த முட்டைய முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம முழிச்சான்.

அன்னைக்கோட சூடு போச்சு. சும்மா போகல, தலைகீழாப் போச்சு. அவ தொட்ட குடத்துத் தண்ணியில மேல ஒரு ஆடை மாதிரி உறைஞ்சு நின்னுச்சு. தவசி மூணு கம்பளியப் போத்திக்கிட்டும் பல்லு கிட்டிக் கெடந்தான். பிள்ளைகளுக்கு நான் மறுபடி ஈர விறகை ஊதிப் போட்ட சோறு பாதி அரிசியா இருந்துச்சு. ஊரெல்லாம் ஈரத் துணியக் கையில பிடிச்சுக்கிட்டு, எங்க போறதுன்னு தெரியாம நின்னாக.

சும்மா விடுவமா? கோவத்தைக் கெளப்பிட்டா சூடு வந்துரும்னு மலைச்சாமியக் கெளப்பி விட்டோம். அவரும் வாசல்ல நின்னு, “பஸ்ஸு வராது! வரவே வராது! மாட்டுவண்டி கூட வராது!”ன்னு தொண்டை கிழியக் கத்துனாரு. அவ கதவைத் திறந்து, “சரி மாமா”ன்னு சொல்லிட்டுச் சாத்திக்கிட்டா. பூசாரி கயிறு கட்டுனாரு. அடுத்த மலையில பஸ்ஸு ஓடுதாம்னு ஒருத்தி புளுகிப் பாத்தா. நான் போயி, “பவுனு, கோவிச்சுக்காதடி”ன்னேன். “கோவம் இருந்தா சூடு இருந்திருக்குமே மதினி”ன்னா.

மறுநாள் விடியக்காலம் அவ மண்வெட்டிய எடுத்துக்கிட்டுக் கீழ இறங்குனா. ஊரு எல்லையில, யாரு பேருலயும் இல்லாத பொறம்போக்கு கொஞ்சம் இருக்கு. அங்க வெட்டுறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். தனியா நின்னு வெட்ட ஆரம்பிச்சா. கல்லைப் பெயர்த்தா, பள்ளத்தை நிரத்துனா. கை இருந்த குளிருக்கு மண்வெட்டிக் காம்புல பனி பூத்துச்சு, விரலெல்லாம் வெடிச்சுச்சு. தினமும் விடிஞ்சதும் போனா, பொழுது சாஞ்சதும் வந்தா. வேடிக்கை பாக்கப் போனவுகள்ல ஒருத்தர் கேட்டாரு, “சூடுதான் போயிருச்சே தாயி, இன்னும் எதுக்கு இந்தப் பாடு?” அவ நிமிராமலே சொன்னா, “சூடு இருந்தப்ப அது என்னய இழுத்துட்டுப் போச்சு. இப்ப நானாப் போறேன்.”

அன்னைக்கு என் மக தேன்மொழி, மாசியில கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருந்த புள்ள, எனக்கு அடுப்பு ஊதிக் குடுத்துக்கிட்டே சொன்னா, “ஏம்மா, அத்தைய வச்சு நல்லாச் சோறாக்குன. நாளைக்கு எனக்கு வலி வந்தா எந்த டோலியில ஏத்தப் போறன்னு இப்பவே பாத்து வச்சுக்க. நல்ல கம்பளியாப் பாரு, நான் கனமா இருப்பேன்.” சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. கேவலம், கண்ணு எரியக் கூடாதுன்னு பெத்த மகளைப் பாதையில படுக்க வைக்கப் பாத்திருக்கேன். நேரா தவசி வீட்டுக்குப் போயி, “ஏலே, இனி உனக்கு முட்டை கெடையாது. போயி உன் பொண்டாட்டியப் பாரு”ன்னு கத்திட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் அவன் ஒரு தூக்குவாளியில கஞ்சி எடுத்துக்கிட்டு இறங்குனான். நானும் பின்னாடியே போயி ஒரு புதர்ப் பக்கம் நின்னேன். கேக்காம இருக்க என்னால முடியாது. அவன் அவ கையப் பிடிச்சுப் பாத்துட்டு வெடுக்குன்னு விட்டான், அம்புட்டுக் குளிரு. “நான் உன் சூட்டுக்காகத்தான் புள்ள இழுத்தடிச்சேன்”னான்.

“அந்தச் சூடு எங்கருந்து வந்துச்சுன்னு ஒருநாளாச்சும் கேட்டியா மாமா?”ன்னா பவுன்தாய். அவ மண்வெட்டிய ஊனி நின்னுக்கிட்டுச் சொன்னா. “டோலிக்கு வெளிய முத்துக்கிளி கை தொங்கிக்கிட்டு வந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன். ரெண்டு மைல்ல விரல் ஆறுச்சு. ஊதுனேன். மூணாவது மைல்ல உள்ளங்கை ஆறுச்சு. ரெண்டு கையிலயும் வச்சுத் தேச்சேன். தேச்சுக்கிட்டே போனேன் மாமா. அவ போனப்புறமும் ரெண்டு மைலு, விடாமத் தேச்சுக்கிட்டே போனேன். அந்தச் சூடுதான் அது. அதுலதான் நீங்க எல்லாரும் துணி காயப் போட்டீக.”

தவசி கஞ்சிய அங்கேயே வச்சுட்டு மேல ஓடுனான். நான் புதர்லயே உக்காந்து வாயில முந்தானைய வச்சுக்கிட்டு அழுதேன். அப்புறம் நானும் ஓடுனேன். நான் போயிச் சேரறதுக்குள்ள அவன் அவ சொன்னதையெல்லாம் சொல்லி ஊரைக் கூட்டியிருந்தான், வளைவுல, அவன் குழந்தை மாதிரி வளத்த நாலு காப்பிச்செடிக்கு நடுவுல, தலைவர் வீட்டு முதல் வெட்டு விழுந்துச்சு. அடுத்து என் பேருல இருந்த வரப்புல நான் வெட்டுனேன். எனக்கு அடுத்து ஒவ்வொருத்தரா, முப்பத்தொம்பது பேரு. மலைச்சாமி கடைசி வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாரு, அப்புறம் வந்து எல்லாரும் ஆறடி குடுத்த இடத்துல ஏழடி வெட்டிட்டு, “போட்டோ எடுங்கடா”ன்னாரு.

வெட்டுனதோட நிக்கல. கெடுவுக்கு ரெண்டு நாள்தான் மிச்சம், செடியப் பிடுங்கி, கல்லைப் புரட்டி, நிலத்தைத் துப்புரவா ஒதுக்கிக் குடுக்கணும்னு எல்லாரும் பவுன்தாய் கூடவே நின்னோம். ரெண்டாம் நாள் உச்சிவேளைக்கு என் உள்ளங்கை ரெண்டும் திகுதிகுன்னு எரிஞ்சுச்சு. யாத்தே, எனக்கும் வந்துருச்சுன்னு கத்திக்கிட்டே அவகிட்ட ஓடுனேன். பாத்தா எனக்கு முன்னாடியே பத்துப் பதினஞ்சு பேரு கையை நீட்டிக்கிட்டு வரிசையில நிக்கிறாக, எல்லாருக்கும் சூடு வந்துருச்சாம். மலைச்சாமி ஈரத் துண்டைக் கையில வச்சுக் காயுதான்னே பாத்துக்கிட்டிருக்காரு. பவுன்தாய் என் கையை வாங்கி, திருப்பிப் பாத்து, பெருவிரலால ஒரு அமுக்கு அமுக்குனா. உசிரு போயிருச்சு எனக்கு.

“இது கொப்புளம் மதினி”ன்னா. ரெண்டு வாரத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சா. “வேப்பெண்ணெயத் தடவிட்டு வந்து மிச்சத்தை வெட்டுங்க.”

தை முடியறதுக்கு அரை நாள் இருக்கையில நிலம் ஆபீசர் கைக்குப் போச்சு. ரோடு வர ஒரு வருஷமாச்சு, பஸ்ஸு வர அதுக்கு மேல ரெண்டு மாசம். துணி இன்னமும் காயல. விறகு இன்னமும் புகையுது, ஏசிக்கிட்டே ஊதுறேன். பவுன்தாய் கை நம்ம கை மாதிரிதான் இருக்கு, சூடும் இல்ல குளிரும் இல்ல.

பஸ்ஸு ஓட ஆரம்பிச்ச ஒன்பதாம் நாள் என் மக தேன்மொழிக்கு வலி கண்டுச்சு. இப்ப அவ பெத்த பொம்பளப் புள்ள என் சேலையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிது, அதனால பயப்படாமக் கேளுங்க. நானும் பவுன்தாயும் அவளை நடுவுல உக்கார வச்சுக்கிட்டுப் போனோம். வழி முழுக்க என் மக அந்த டிரைவரை ஏசுன ஏச்சு இருக்கே, இந்த மலை கேட்டிருக்காது. “மாடு கூட உன்னை விட ஒழுங்கா ஓட்டும்யா, பள்ளம் பாத்து இறக்குய்யா, உன் வண்டியில இடி விழ”ன்னு ஒவ்வொரு வளைவுலயும் ஒண்ணு. டிரைவரு வேர்த்து விறுவிறுத்துப் போனாரு. பவுன்தாய் தேன்மொழி கையப் பிடிச்சது பிடிச்சபடி ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தா. ஆசுபத்திரியில நர்சம்மா வந்து, “கைய விடும்மா, புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போகணும்”னு ரெண்டு தடவை அதட்டுனப்புறம்தான் விட்டா.

உள்ள என் மக நர்சம்மாவ ஏச ஆரம்பிச்சிருந்தா, வெளிய வரைக்கும் கேட்டுச்சு. பவுன்தாய் வாசப்படியில அப்படியே உக்காந்துட்டா. ரெண்டு உள்ளங்கையையும் மடியில விரிச்சு வச்சுக்கிட்டு, என்னய நிமிந்து பாத்தா, கண்ணுல தண்ணி கொடகொடன்னு ஊத்துது.

“மதினி, கடைசி வரைக்கும் புள்ள கை ஆறவே இல்ல மதினி”ன்னா.